இருபத்திரண்டாவது காகிதம்

மருத்துவமனையில் சலவைப் பிரிவை மூடிய மாதம்தான் பர்னபாஸ் மறுபடியும் மாணவரானார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்புகளையும் அறுவை அறையின் பச்சைத் துணிகளையும் வெளுத்தவர். வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த நான்கு பேரையும் ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பினார்கள். பர்னபாஸுக்குக் கிடைத்தது திசு ஆய்வுக்கூடம்.

அங்கே சபுரா இருந்தார். வயது முப்பத்தாறு. அந்த அறையில் அவர் சொல்வதுதான் சட்டம்.

நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டு சின்ன பாட்டிலில் வரும். அதை மெழுகில் புதைத்து ப்ளாக்காக்கி, முடியைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவியதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி டாக்டரின் மேசைக்கு அனுப்ப வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்காக வெளியே பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

"கறை எடுத்தே பழகின கை இது," என்றார் பர்னபாஸ் முதல் நாள். "இங்க கறை ஏத்தணுமாம். என்னத்தச் சொல்ல, டீச்சர்."

டீச்சர் என்பதைக் கிண்டலாகத்தான் சொன்னார். சபுரா சிரிக்கவில்லை.

"ஏத்தினதுல பாதிய எடுக்கவும் செய்யணும் அண்ணே. எடுக்கலன்னா எல்லாம் ஒரே நீலமா நிக்கும். ஒண்ணும் தெரியாது. நீலம் போட்டு அனுபவம் இருக்கும்ல?"

"வேட்டிக்குப் போட்டிருக்கேன்."

"அந்தக் கைதான் வேணும்."

கை சீக்கிரம் பழகிவிட்டது. பனிக்கட்டி மேல் ப்ளாக்கைக் குளிரவைத்து, கத்தியில் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால் மெழுகு நாடாவாக இறங்கும். அதைத் தண்ணீரில் விரிக்க, ஈர விரிப்பை உதறிப் போட்டவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு ப்ளாக் முடிந்ததும் ஒரு காகிதப் பட்டையால் தொட்டித் தண்ணீரின் மேல்பரப்பைத் துடைக்கச் சொன்னார் சபுரா.

மூன்றாவது மாதம் கேட்டார்.

"தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு டீச்சர். ஒவ்வொரு தடவையும் எதுக்குத் துடைக்கணும்? அஞ்சுக்கு ஒரு தடவ போதாதா?"

சபுரா ஒரு புதிய ஸ்லைடை எடுத்தார். அந்தத் தெளிந்த தண்ணீரில் முக்கித் தூக்கினார். உலர்த்தினார். நீலச் சாயமும் இளஞ்சிவப்புச் சாயமும் ஏற்றினார். நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு நகர்ந்தார்.

"பாருங்க."

வெறும் தண்ணீரை எடுத்த ஸ்லைடில் மூன்று சதைத் துணுக்குகள் கிடந்தன.

"யாரோடது?" என்று கேட்டார் சபுரா.

"தெரியல."

"எனக்கும் தெரியாது. காலையில இருந்து பதினோரு பேரை வெட்டியிருக்கீங்க."

பர்னபாஸ் மறுபடி குனிந்து பார்த்தார்.

"நான் சேர்ந்த ரெண்டாவது வருஷம்," என்றார் சபுரா. "இதே தொட்டி. நான் துடைக்கல. ஒருத்தரோட துணுக்கு இன்னொரு அம்மாவோட ஸ்லைடுல ஏறிக்கிச்சு. புற்றுநோய்னு எழுதிட்டாங்க. பதினாலு நாள் கழிச்சு சந்தேகம் வந்து மறுபடி வெட்டிப் பார்த்தா, அந்த அம்மாகிட்ட ஒண்ணுமே இல்ல."

"சொன்னீங்களா?"

"கூப்பிட்டுச் சொன்னோம். அதுக்குள்ள, வளர்த்த ரெண்டு ஆட்டையும் நாத்தனார் வீட்ல கொண்டு விட்டுட்டாங்க. அடிப்பாங்கன்னுதான் நின்னேன். அந்தத் தொட்டியக் காட்டுன்னாங்க. காட்டினேன். குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"என் முகந்தான் தெரியுதுன்னாங்க."

அன்றிலிருந்து பர்னபாஸ் ஒரு முறைகூட விடாமல் துடைத்தார். துடைத்த காகிதத்தை எறியவும் இல்லை. கை கழுவும் தொட்டிக்கு மேலே குறுக்கே ஒரு கயிறு கட்டி, கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டார். பத்து ப்ளாக் என்றால் பத்துக் காகிதம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் கணக்கு நேராக இருக்க வேண்டும்.

"சலவைக்காரர் புத்தி போகுதா பாருங்க," என்றார் சபுரா. "கொடி கட்டிக் காயப்போடுறாரு."

ஆனால் கொடியை அவிழ்க்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை டாக்டர் ஸ்லைடுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே காகிதங்களை எடுப்பது என்பது அந்த அறையின் வழக்கமானது. வீட்டுக்குக் கிளம்பும்போது சபுராவும் கைப்பையை மாட்டிக்கொண்டே கொடியை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்.

டீச்சர் என்ற சொல்லில் இருந்த கிண்டல் எப்போது போனது என்று பர்னபாஸுக்கே தெரியாது.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அவருடைய தம்பி தொபியாஸ் ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நின்றான். கையில் சின்ன பாட்டில். அவன் மீன் இறங்கும் துறையில் ஏலம் கூறுகிறவன். அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும் குரல். நாக்கின் ஓரத்தில் இரண்டு மாதமாக ஆறாத புண். அதில்தான் கிள்ளி எடுத்திருந்தார்கள்.

"அண்ணே, சின்னதுல என் சட்டையத் துவைச்சுப் போட்ட," என்றான், வாயைக் கோணிக்கொண்டு. "இப்ப நாக்கத் துவைக்கப் போற. நீலம் தூக்கலாப் போட்டுராத."

"ஏலே, பேசாத. ரத்தம் வருது பாரு."

"பேசாம இருந்தா மீன் விக்குமா?"

அவன் போன பிறகு சபுரா சொன்னார்:

"கூடப் பிறந்தவங்களோடத நாம வெட்டக் கூடாது அண்ணே. கை ஒரு மாதிரி இருக்காது. அத நான் வெட்டுறேன்."

"இல்ல டீச்சர். நானே வெட்டுறேன். என் கையால வெட்டினாத்தான் எனக்கு நிம்மதி."

சபுரா அவர் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

இரண்டு நாள் கழித்து ப்ளாக்குகள் தயாராயின. மொத்தம் இருபத்திரண்டு. தொபியாஸுடையது பதினெட்டாவது. அதற்கு முந்தியது வேறொருவரின் நாக்கு. அது புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரிந்து அறுத்தெடுத்தது.

எல்லாவற்றையும் பர்னபாஸே வெட்டினார். சாயமேற்றினார். சாயங்காலம், நிறம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று வழக்கம்போல ஒவ்வொரு ஸ்லைடாக நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டு வந்தார். பதினெட்டில் நின்றார்.

சிறு சிறு துண்டுகள். இரண்டு துண்டுகளில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்றாவது ஓரமாகத் தனியே கிடந்தது. அதில் செல்களின் உட்கருக்கள் பெருத்து, அடர்நீலமாக, ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நின்றன. ஒன்றரை வருஷம் பார்த்த கண்ணுக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

"நிறம் எப்படி அண்ணே?" என்றார் சபுரா, கைப்பையை மாட்டிக்கொண்டே.

"நல்லா ஏறியிருக்கு டீச்சர்."

சபுரா கொடியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் விடிந்ததும் பர்னபாஸ் வந்து அறையைத் திறந்தார். கொடிக்குக் கீழே போய் நின்றார். காகிதங்களை எண்ணினார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டு.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே துடைத்தேனா என்று யோசித்தார். துடைத்ததாக ஞாபகம் இல்லை. துடைக்காததாகவும் ஞாபகம் இல்லை. கை தானாகச் செய்கிற வேலையை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? இடையில் ஏதோ ஒரு ப்ளாக்குக்கு இரண்டு காகிதம் எடுத்திருக்கலாம். அப்படியானால் இன்னொன்றுக்குத் துடைக்காமல் விட்டிருக்க வேண்டும். விட்டிருக்கலாம். அந்த அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லை என்றுதானே முடிந்தது.

எம்பி, நடுவிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளிப் மட்டும் கயிற்றில் ஆடியது.

சபுரா வந்தபோது அவர் அங்கேயே நின்றிருந்தார்.

"டீச்சர், நேத்து ஒரு தப்பு நடந்துபோச்சு. பதினெட்டுக்கு முன்னாடி தண்ணியத் துடைக்கல."

"துடைக்கலயா? இல்ல, துடைச்ச ஞாபகம் இல்லையா?"

"துடைக்கல."

சபுரா கொடியை அண்ணாந்து பார்த்தார். காலிக் கிளிப்பில் அவர் கண் நின்றது. பிறகு பதினெட்டாவது ஸ்லைடை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பர்னபாஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்க. டாக்டர்கிட்ட சொல்லுவோம்."

டாக்டர் கோமளவல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பார்த்துப் பார்த்துச் செய்ற ஆள்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன் பர்னபாஸ். பதினேழாவது ப்ளாக் புற்றுநோய். அது பதினெட்டுல ஏறியிருந்தா? நான் கையெழுத்துப் போட்டிருந்தா? ஒரு ஆளோட நாக்கு அது."

"ஆமாங்க டாக்டர்."

"மெமோ உண்டு."

"சரிங்க."

"திட்டுறேன், நீங்க சிரிக்கிறீங்க."

பர்னபாஸ் வாயைத் துடைத்துக்கொண்டார். தான் சிரித்தது அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் பதிவுத் தாளைப் புரட்டினார். "சிறு துண்டுகள் சிலன்னுதான் எழுதியிருக்கு. எத்தனைன்னு எழுதல. எழுதியிருந்தா வெளியில இருந்து வந்து ஏறினது உண்டான்னு எண்ணியே பார்த்திருக்கலாம். சரி, பதினெட்டு மட்டுந்தானா?"

"அது ஒண்ணுதான் டாக்டர்."

"அது ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்?"

டாக்டர் பதிவுத் தாளை மூடினார்.

"அப்ப இருபத்திரண்டையும் மறுபடி வெட்டுங்க. இன்னைக்கு யாருக்கும் ரிப்போர்ட் கிடையாது. வெளியில நீங்களே போய்ச் சொல்லுங்க."

பெஞ்சில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை முழுக்க ஈரம். பர்னபாஸ் சொன்னார்.

மடியில் நான்கு வயதுப் பையனை வைத்திருந்த ஒரு பெண் எழுந்தாள். பையனின் கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"மூணு பஸ் மாறி வந்திருக்கேன்யா. நாளைக்கும் வரணுமா?"

"வரணும்மா."

"அப்படி என்ன ஆச்சு?"

"என் தப்புத்தான்மா."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த தொபியாஸ் கையைத் தூக்கினான். "உன்னாலதானா? நல்லதுண்ணே. ஒரு நாள் கிடைச்சாலும் ஒரு ஏலம் கூறிட்டு வந்துருவேன்." பக்கத்தில் இருந்தவர்களும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

உள்ளே சபுரா தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தார். கத்தியின் முன்னால் அவரே உட்கார்ந்தார்.

"நான் வெட்டுறேன். நீங்க துடைங்க."

"பதினெட்டை முதல்ல எடுக்கலாமே டீச்சர்."

"ஒண்ணுல இருந்து எடுப்போம்."

"அது ஒண்ணப் பார்த்துட்டா..."

"மத்தவங்களும் அந்தப் பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்காங்க அண்ணே."

ஒன்று. பர்னபாஸ் துடைத்தார், கொடியில் மாட்டினார். இரண்டு. துடைத்தார், மாட்டினார். நேற்றைய காகிதங்களுக்குப் பக்கத்தில் இன்றையவை ஈரமாகத் தொங்கின. ஆறு முடிந்தது.

ஏழாவது ப்ளாக்கை எடுத்துச் சபுரா வெளிச்சத்தில் பிடித்தார். மெழுகுக்குள் நூல் இழைபோல ஏதோ வெளிறித் தெரிந்தது.

"இது வெளியில இருக்கிற அந்தப் பிள்ளையோடது. கழுத்துல ஊசி போட்டு எடுத்தது. நேத்து வெட்டினதுலயே முக்கால்வாசி போயிருச்சு."

"இன்னைக்கு வெட்டினா?"

"இருக்கிறதும் முடிஞ்சிரும். பிறகு வெறும் மெழுகுதான். வேற சோதனை வேணும்னு டாக்டர் கேட்டா, அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் ஊசி போடணும்."

வெளியே மழை. சபுரா ப்ளாக்கைப் பொருத்தினார். பொருத்தியவர் கைப்பிடியைச் சுற்றாமல் இருந்தார்.

பர்னபாஸின் கை சட்டைப் பைக்குப் போனது. காகிதம் விரலில் பட்டது. அங்கேயே கை நின்றது.

சபுரா இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கைப்பிடியைச் சுற்றினார்.

நாடா இறங்கியது. கடைசி இரண்டு சீவலில் இழை இல்லை. மெழுகு மட்டும் தண்ணீரில் வெள்ளையாக மிதந்தது. பர்னபாஸ் அதையும் துடைத்து, காகிதத்தை மாட்டினார்.

பதினெட்டு வந்தபோது மணி இரண்டாகியிருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பதினேழின் காகிதத்தை மாட்டிவிட்டு வந்த பர்னபாஸிடம் சபுரா இன்னொரு பட்டையை நீட்டினார்.

"இன்னொரு தடவ துடைங்க."

துடைத்தார்.

"இன்னொரு தடவ."

துடைத்தார்.

சபுரா பதினெட்டை வெட்டினார். நேற்று வெட்டிய இடத்தைத் தாண்டி ஆழமாகப் போய், அங்கிருந்து ஒரு நாடா எடுத்தார். அது தண்ணீரில் சுருக்கமில்லாமல் விரிந்தது. ஏந்தினார். பென்சிலால் எண் எழுதினார். இருபத்திரண்டும் முடிந்தபின் ஸ்லைடுகள் உலர்ந்து, மெழுகு கரைந்து, சாயத்துக்குப் போயின.

நீலச் சாயத்தில் எல்லா ஸ்லைடும் ஒரே இருட்டாக இருந்தன. அமிலத்தில் முக்கியதும் நீலம் இறங்கியது. குழாய்த் தண்ணீரின் கீழ் பர்னபாஸ் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவைக்கு மேலேயே நின்றார்.

"போதும் அண்ணே."

"இன்னும் கொஞ்சம் அலசலாமே டீச்சர்."

"போதும். எடுங்க."

இளஞ்சிவப்பு ஏறியது. கண்ணாடி மூடி ஒட்டியாயிற்று. பதினெட்டை நுண்ணோக்கியில் வைத்துவிட்டுச் சபுரா நகர்ந்தார்.

"பாருங்க."

"நீங்களே பாருங்க டீச்சர்."

சபுரா குனிந்தார். முதல் துண்டைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு அவர் விரல் எதையும் நகர்த்தவில்லை. வெகுநேரம் கண்ணை எடுக்கவும் இல்லை.

பர்னபாஸ் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

அவர் வந்து குனிந்தார். மூன்றாவது துண்டு அங்கேதான் இருந்தது. அதே ஓரத்தில். நேற்றையதைவிடப் பெரிதாக இருந்தது. மெழுகுக்குள்ளேயே இருந்திருக்கிறது. தண்ணீரில் வந்ததல்ல.

ஏலத்துக்குப் போய்த் திரும்பியிருந்த தொபியாஸின் குரல் வாசல் பக்கம் கேட்டது. யாரிடமோ மீன் விலையை ஏலம் கூறிக் காட்டிக்கொண்டிருந்தான். புண் வலிக்க வலிக்க, வார்த்தை குழறக் குழற, சத்தம் மட்டும் குறையவில்லை.

பர்னபாஸ் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். வியர்வையில் நமுத்து, மடிப்போடு ஒட்டியிருந்தது. சபுராவிடம் நீட்டினார். சபுரா அதைப் பிரித்தார், மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். எழுந்துபோய்க் காலிக் கிளிப்பில் மாட்டினார்.

"உங்களுக்குக் காலையிலேயே தெரிஞ்சிருக்கும், இல்லையா?" என்றார் பர்னபாஸ்.

"நேத்துச் சாயங்காலம் போகும்போதே எண்ணினேன். இருபத்திரண்டு இருந்துச்சு."

"தெரிஞ்சிருந்தும் அந்தப் பிள்ளையோடத ஏன் வெட்டினீங்க டீச்சர்?"

சபுரா கொடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் தப்பா எண்ணியிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு, அண்ணே."